கம்பெனி கேட்ட வீடியோ

பயப்படாதீங்க சார், அது நிஜத் துப்பாக்கி இல்லை. பலூன் சுடுற ஏர் கன். கண்டக்டரும் ஒரு மாதிரியாத்தான் பார்த்தாரு, பொறையாறுல ஏறும்போது போர்வையைப் பிரிச்சுக் காட்டிட்டுத்தான் ஏறினேன். நீங்க மெட்ராஸ் வரைக்குமா? நானும் அங்கேதான். இதைச் செஞ்ச கம்பெனி வடக்கே இருக்கு. மெட்ராஸ்ல அவங்களுக்கு ஒரு ஆபீஸ் இருக்குன்னு சொல்றாங்க. கம்பெனி பேரு வேண்டாம் சார், அந்தப் பேரை என் வாயால சொல்ல மாட்டேன். நேரா உள்ளே போகணும், மேஜை மேல வைக்கணும், இதுதான்யா நீங்க செஞ்ச பொருளுன்னு ஒரு வார்த்தை கேட்கணும். வேற ஒண்ணும் இல்லை.

என் பேரு வியாகப்பன். தரங்கம்பாடிக் கடற்கரைக்கு வந்திருக்கீங்களா? வந்திருந்தா என் பலகையைப் பார்த்திருப்பீங்க. பலூனை வரிசையா ஒட்டி, மேல மாதா படம் மாட்டி வச்சிருப்பேன். சனி ஞாயிறு அங்கே. மத்தபடி எங்கே திருவிழாவோ அங்கே. வேளாங்கண்ணி, நாகூர் கந்தூரி, பூண்டி மாதா கோயில்னு போயிக்கிட்டே இருப்பேன். என் மாமனாரு நடத்தின தொழில் இது. பொண்ணையும் கொடுத்து பலகையையும் கொடுத்தாரு. பொண்ணு பேரு ஜெசிந்தா. அவளுக்கு ஒரே ஒரு தம்பி, கபிரியேல். அவன் இந்தத் தொழில் வேண்டாம்னுட்டான். இன்ஜின் மெக்கானிக் வேலைக்குப் போயிட்டான், அக்கரைப்பேட்டையில விசைப்படகுங்களுக்கு. நல்ல வேலைக்காரன் சார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறுன்னு சொல்லிடுவான். அவனைப் பத்தி அப்புறம் வரேன்.

முதல்ல துப்பாக்கியைச் சொல்லணும். இல்லேன்னா உங்களுக்குப் புரியாது.

மாமனாரு வாங்கின துப்பாக்கியும் இதே கம்பெனிதான். மரம் அசல் மரம். இரும்பு அசல் இரும்பு. உப்புக்காத்துல நாள் பூரா கிடக்கும், ராத்திரி எண்ணெய் போட்டுத் துடைச்சா போதும். ஸ்பிரிங் போச்சா, ஒரு கார்டு எழுதிப் போடுவாரு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ்லதான் எழுதுவாரு. அங்கே யாரோ அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு ஸ்பிரிங்கும் வாசரும் பார்சல்ல அனுப்புவாங்க. எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்களோ. அப்படி ஒரு கம்பெனி இருந்துச்சு சார்.

அப்புறம் கை மாறிடுச்சு. கம்பெனி நடத்தின பெரியவரு போயிச் சேர்ந்துட்டாரு, பிள்ளைங்க வித்துட்டாங்கன்னு திருச்சியில துப்பாக்கி விக்கிற கடைக்காரரு சொன்னாரு. பேரு மட்டும் பழைய பேரு. நான் புதுசா ரெண்டு துப்பாக்கி வாங்கினேன். டப்பா என்னமோ பளபளன்னு இருந்துச்சு. உள்ளே பார்த்தா கட்டை பிளாஸ்டிக். குழலைத் தட்டினா தகர டப்பா சத்தம். குண்டுங்க முன்னெல்லாம் டப்பியில ஒண்ணு போல வரும். இப்ப பாக்கெட்டுல வருது, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, ஒண்ணு நசுங்கி, ஒண்ணுல பிசிறு. பிசிறு இருக்கிற குண்டு குழல்லயே சிக்கிக்கும். சிறுசா இருக்கிற குண்டு எங்கேயோ போகும்.

திட்டு யாருக்கு? எனக்கு. குடும்பத்தோட வர்றவன், பொண்டாட்டி பிள்ளை முன்னாடி சுட்டுப் பார்க்கிறான், ஒரு பலூன் கூட விழலைன்னா என்ன சொல்வான்? ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டுப் போறான். நானா ஏமாத்தினேன்? முன்னாடி குறி பார்க்கிற முள்ளைக் கொஞ்சம் தட்டி வைப்போம், அதை இல்லேன்னு சொல்லலை. அது எல்லாப் பலகையிலயும் உண்டு. அப்படி இல்லேன்னா பலூன் பூரா போயிடும், அப்புறம் நான் எப்படிப் பிழைக்கிறது? பலூனையும் முழுசா ஊத மாட்டோம். அது தொழில். ஆனா கோணல் குண்டைப் பாக்கெட்டுல போட்டு நம்பர் ஒண்ணு சரக்குன்னு அச்சடிச்சு விக்கிறது தொழிலா? நீங்களே சொல்லுங்க.

சரின்னு கம்பெனிக்குப் போன் போட்டேன். டப்பா மேலயே நம்பர் இருக்கு, காசில்லாம பேசலாம்னு போட்டிருக்கு. பேசலாம்தான். ஒரு பொம்பளை குரல் ஹிந்தியில பேசும், அப்புறம் இங்கிலீஷ்ல பேசும், அப்புறம் பாட்டு வரும். பாட்டு முடிஞ்சா மறுபடி அந்தக் குரல், மறுபடி பாட்டு. நான் பலூன் ஊதிக்கிட்டே காதுல போனை வச்சுக்கிட்டு இருப்பேன். எப்பவாவது ஒரு ஆளு எடுப்பான். தமிழ் தெரியாது. நான் "கன், கன், நோ குட்"னு சொல்வேன். அவன் ஒரு புகார் நம்பர் சொல்வான். மறுநாள் போன்ல மெசேஜ் வரும். பக்கத்துல பஜ்ஜிக்கடைப் பொண்ணு படிச்சுச் சொல்லும்: உங்க புகார் தீர்த்து வைக்கப்பட்டது, எங்க சேவைக்கு எத்தனை நட்சத்திரம் போடுவீங்க.

தீர்த்து வச்சுட்டானாம். துப்பாக்கி இங்கே கிடக்கு, ஒருத்தனும் கையால தொடலை, தீர்ந்து போச்சாம்.

நான் விடலை. என் சுபாவம் அது, எடுத்தா விட மாட்டேன். ஜெசிந்தா அதுக்கே சலிச்சுக்குவா. சோத்தைப் போட்டு வச்சிட்டு நிப்பா, நான் போன்ல பாட்டு கேட்டுக்கிட்டு இருப்பேன். ஆறிப் போயிடும். அவ எடுத்து மூடி வச்சுட்டுப் போயிடுவா.

இப்ப கோளாறைச் சொல்றேன், கவனமாக் கேளுங்க. இந்தத் துப்பாக்கியில குழலை மடக்கணும். மடக்கினா உள்ளே ஸ்பிரிங் அழுந்தி ஒரு கொக்கியில மாட்டிக்கும். குழலோட வாய் திறந்து நிக்கும். அதுல குண்டை வச்சு, குழலை நிமிர்த்திச் சுடணும். அந்தக் கொக்கிதான் உசுரு. கொக்கி விட்டுச்சுன்னா குழல் தானா நிமிர்ந்துக்கும். எப்படி நிமிரும்னா, கண்ணுல பார்க்க முடியாது. சத்தம்தான் கேட்கும்.

புதுத் துப்பாக்கி ரெண்டுல ஒண்ணு, இதோ இதுதான், அப்படி விட ஆரம்பிச்சுது. முதல் தடவை நான் மடக்கும்போது விட்டுச்சு, கை தள்ளி இருந்ததால தப்பிச்சேன். இன்னொரு தடவையும் விட்டுச்சு. கம்பெனிக்குச் சொன்னேன். அதுக்கு ஒரு புகார் நம்பர். ரொம்பப் போராடினதுக்கு அப்புறம் ஒரு கொக்கி அனுப்பினாங்க பார்சல்ல. பிரிச்சுப் பார்த்தா வேற மாடலுக்கு உள்ளது. உள்ளே நுழையவே இல்லை. திருப்பி அனுப்புன்னா இன்னும் எத்தனை மாசமோ. வேளாங்கண்ணிக் கொடியேத்தம் வந்துடுச்சு. வருஷத்துல எங்களுக்கு அதுதான் சீசன். ஒரு துப்பாக்கியை வச்சு அந்தக் கூட்டத்துக்கு என்ன பண்றது? அதனால நானே அரத்தை எடுத்து அந்தக் கொக்கியைக் கொஞ்சம் ராவி உள்ளே மாட்டினேன். நல்லாத்தான் உட்கார்ந்துச்சு. நாலு தடவை மடக்கிப் பார்த்தேன், நின்னுச்சு. நான் ராவினது கொஞ்சம்தான் சார். கம்பெனி ஒழுங்கான பாகம் அனுப்பியிருந்தா நான் ஏன் ராவப் போறேன்?

திருவிழாவுக்கு மட்டும் கபிரியேல் வருவான். அந்த நாள்ல படகுங்க கடலுக்குப் போறது குறைச்சல், அக்காவுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு வருவான். என்கிட்ட அதிகம் பேச மாட்டான். ஆனா கூப்பிட்டா வருவான். அன்னிக்குச் சாயங்காலம் தேர் நேரம். கடற்கரையில தலையா இருக்கு. என் கையில ஒரு துப்பாக்கி, அவன் கையில இது. நான் மடக்கிக் கொடுக்கிறேன், அவன் மடக்கிக் கொடுக்கிறான். நடுவுல அவன் சொன்னான், மாமா, இது சரியில்லை, கொக்கி வழுக்குதுன்னு. பார்த்துப் போடுடான்னேன். நான் சொல்லத்தான் செஞ்சேன் சார், பார்த்துப் போடுன்னு. அதைக் கேட்டவங்க இருக்காங்க.

அப்புறம் அந்தச் சத்தம்.

வலது கை. குண்டு வைக்கப் போன ஆள்காட்டி விரலும் நடுவிரலும். பாதியோட போச்சு. அவன் கத்தலை, அதுதான் எனக்கு ஆச்சரியம். கையைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு மணல்ல உட்கார்ந்துட்டான். ஜெசிந்தா பலூன் மூட்டையைப் போட்டுட்டு ஓடி வந்தா. சுட வந்தவன் இன்னும் துப்பாக்கிக்காகக் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறான், அவனுக்கு என்ன தெரியும்.

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உள்ளே தைக்கிறாங்க. எனக்கு வெளியே சும்மா நிற்க முடியலை. அந்த நிமிஷமே கம்பெனிக்குப் போன் போட்டேன். வராந்தாவுல நின்னுக்கிட்டு அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். டாக்டர் யாரையாவது கையெழுத்துப் போடக் கூப்பிட்டாராம், எனக்குக் காதுல விழலை. ஜெசிந்தா போட்டா. அதை இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவா. ஏங்க, அவன் உள்ளே உங்களைத்தான் தேடினான், நீங்க யார்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தீங்கன்னு. நான் யாருக்காகப் பேசினேன்? என் துப்பாக்கிக்கா? அவன் விரலுக்குத்தானே?

அது அவளுக்குப் புரியலை.

விரலு ஆறிச்சு. வேலை போச்சு. ஸ்பேனரைப் பிடிச்சா நழுவுது, சின்ன நட்டெல்லாம் எடுக்க வராது. படகுக்காரரு நல்ல மனுஷன்தான், கொஞ்ச நாள் பார்த்தாரு, அப்புறம் வேற ஆளைப் போட்டுக்கிட்டாரு. கபிரியேல் வீட்டோட கிடந்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகலை, ஒண்டி ஆளு. ஜெசிந்தா அடிக்கடி பஸ் ஏறிப் போயிச் சமைச்சு வச்சுட்டு வருவா. ஒருநாள் என்னைப் பார்த்துச் சொன்னா, "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அவன் பக்கத்துல போயிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துட்டு வாங்க." எனக்குச் சிரிப்பா வந்துச்சு. சும்மா உட்கார்ந்தா விரல் முளைச்சிடுமா? கம்பெனியை வழிக்குக் கொண்டு வந்தா அவனுக்கு ஒரு வழி பிறக்கும். அதுக்குத்தான் நான் ஓடிக்கிட்டு இருக்கேன்.

ஓட்டம்னா ஓட்டம் சார். திருச்சிக் கடைக்காரருகிட்டப் போனேன். அவரு நான் விக்கிறவன்தான்பா, செய்யறவன் இல்லைன்னாரு. இங்கிலீஷ் தெரிஞ்சவங்களைப் பிடிச்சு மெயில் போடச் சொன்னேன். பதில் வரும், உடனே வரும், மிஷின் போடுற பதில். உங்க சிரமத்துக்கு வருந்துகிறோம்னு. எல்லாத்துக்கும் அதே வருத்தம். குண்டு கோணல்னு சொன்னதுக்கும் அதே வருத்தம்தான், விரல் போச்சுன்னு சொன்னதுக்கும் அதே வருத்தம்தான். ஒரு எழுத்து மாறலை.

கடைசியா ஒரு நாள் ஒருத்தன் பேசினான். அரைகுறைத் தமிழ். வீடியோ அனுப்புங்கன்னான். அரை நிமிஷத்துக்குள்ள இருக்கணும். துப்பாக்கியோட நம்பர் தெரியணும், கோளாறு நடக்கிறது தெரியணும், பாதிப்பு தெரியணும், எல்லாம் ஒரே வீடியோவுல. எனக்கு அப்படியே உசுரு வந்துச்சு. இத்தனை நாளுக்கு அப்புறம் ஒரு மனுஷன் இது வேணும்னு கேட்கிறான் பாருங்க. அன்னிக்கே துப்பாக்கியை எடுத்துக்கிட்டு அக்கரைப்பேட்டைக்குப் போனேன். பஜ்ஜிக்கடைப் பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போனேன், போன் பிடிக்க.

கபிரியேல் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னான். வாங்க மாமான்னு சொல்லிட்டு நாற்காலியைத் துடைச்சுப் போட்டான். உட்கார எங்கே நேரம்? விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் துப்பாக்கியைப் பார்த்தான். அப்புறம் சரி மாமான்னான்.

நம்பரு எங்கே பொறிச்சிருக்குன்னா, சரியா அந்தக் குழல் மடங்குற இடத்துக்கிட்ட. அப்ப கையும் அங்கேதான் இருக்கணும், இல்லேன்னா ஒரே வீடியோவுல வராது. நான் குழலை மடக்கினேன். கையைக் கிட்ட வைடான்னேன். வச்சான். கொக்கி விட்டுச்சு, பட்டுனு. விட்டதும் கையை இழுத்துக்கிட்டான். வீடியோவுல கையே வரலை. மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை கை நடுங்குது, விரல் தெளிவா விழலை. கொஞ்சம் அசையாம வைடான்னேன். இன்னொரு தடவை நம்பர் மறைஞ்சுடுச்சு. இப்படித் திரும்பத் திரும்ப. அந்தப் பொண்ணு வேற போனைக் கீழே வச்சுட்டு, எனக்கு வேண்டாம் அண்ணேன்னு வெளியே போயிடுச்சு. சின்னப் பொண்ணு, பயந்துடுச்சு. நானே ஒரு கையால போனைப் பிடிச்சுக்கிட்டு, முழங்காலால துப்பாக்கியை அழுத்தி மடக்கி எடுத்தேன். கபிரியேல் முகத்தைத் திருப்பிக்கிட்டு கையை மட்டும் கொடுத்தான். கடைசியில சரியா வந்துச்சு. அருமையான வீடியோ சார். நம்பரு, கொக்கி விடுறது, கை, எல்லாம் இருக்கு. வேணும்னா பாருங்க.

வேண்டாமா. சரி.

அன்னிக்கு ஜெசிந்தா வீட்டுக்கு வந்து, எனக்குச் சோத்தை வச்சுட்டு, தான் சாப்பிடாமப் போய்ப் படுத்துட்டா. வீடியோ எடுத்ததை யாரு சொன்னாங்களோ தெரியலை. அந்தப் பொண்ணு சொல்லியிருக்கும்.

கம்பெனி என்ன பண்ணான் தெரியுமா? வீடியோ கிடைச்சுதுன்னு ஒரு மெசேஜ். அப்புறம் மூச்சே இல்லை. நான் தினம் போன் போடுறேன், அதே பாட்டு. பழகிடுச்சு, அதை நானே முணுமுணுக்கிறேன்னு ஜெசிந்தா சொல்லுவா. ரொம்ப நாள் கழிச்சு எனக்குத் தெரியாமலே ஒரு ஆளு கபிரியேல் வீட்டுக்குப் போயிருக்கான். கம்பெனி ஆளு. தமிழ்க்காரன். வீடியோ அனுப்பும்போது நான் கபிரியேல் விலாசத்தையும் கொடுத்திருந்தேன். வந்தவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மரியாதையாப் பேசியிருக்கான். என்ன நடந்துச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்க தம்பின்னு கேட்டிருக்கான். இவனும் முதல்லேருந்து சொல்லியிருக்கான். கொக்கி முன்னாடியே ரெண்டு தடவை விட்டுச்சு, கம்பெனி தப்பான பாகம் அனுப்பிச்சு, மாமா அதை ராவி மாட்டினாரு, வழுக்குதுன்னு நான் சொன்னேன், எல்லாம்.

வந்தவன் அதுல எதை எழுதிக்கிட்டான்? மாமா ராவினாரு. அதை மட்டும். அதுக்குக் கீழே இவன்கிட்டக் கையெழுத்தும் வாங்கிட்டான், இடது கையால. போன வாரம் எனக்குக் கடைசி மெசேஜ் வந்துச்சு. உரிமையாளர் பாகத்தை மாத்தினதால கம்பெனி பொறுப்பில்லை, வியாபாரத்துக்குப் பயன்படுத்தினதால வாரண்டி கிடையாது, புகார் முடிஞ்சுது.

நான் நேரா கபிரியேல்கிட்டப் போனேன். கோபப்படலை. சாதாரணமாத்தான் கேட்டேன், ஏண்டா அதைச் சொன்னே, உனக்காகத்தானே இத்தனை நாளா நாயா அலைஞ்சேன்னு.

அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "கேட்டாரு மாமா. என்ன நடந்துச்சுன்னு அந்த ஆளு ஒருத்தருதான் கேட்டாரு"ன்னான்.

இது என்ன பேச்சு சார்? என்ன நடந்துச்சுன்னு நான் எதுக்குக் கேட்கணும்? பக்கத்துல நின்னவன் நான். எனக்குத் தெரியாதா?

ஜெசிந்தா அங்கேதான் இருந்தா. அவன் துணியை மடிச்சு வச்சுக்கிட்டு இருந்தா. வீட்டுக்குப் போகலாம் வான்னேன். வரலைங்கன்னா. எப்ப வருவேன்னேன். "நீங்க ஜெயிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இவனுக்குச் சோறு போடுறேன்"னா. சத்தம் போட்டுச் சொல்லலை. சண்டைன்னா எனக்குத் தெரியும், அவ சண்டை போட்டா தெரு கூடிடும். இது அப்படி இல்லை. அதனால நான் வந்துட்டேன்.

பலகை இப்ப கட்டித்தான் கிடக்கு. இன்னொரு துப்பாக்கியும் குண்டு சிக்கி நின்னுபோச்சு. வேற கம்பெனி வாங்கலாம்னு விசாரிச்சேன். எல்லாம் இப்ப இதே மாதிரிதானாம். உள்ளே ஒரே சரக்கு, மேல ஒட்டுற பேருதான் வேறயாம். பீச்சுக்கு வர்றவங்களும் இப்ப முன்ன மாதிரி சுடுறதில்லை. துப்பாக்கியைக் கையில வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க. அவங்களுக்குச் சுடாத துப்பாக்கியே போதும்.

இல்லை சார், மெட்ராஸ்ல கம்பெனிக்காரன் ஒண்ணும் பண்ண மாட்டான், எனக்குத் தெரியும். கபிரியேல் கையெழுத்துப் போட்டாச்சு. உள்ளே விடுவானான்னே தெரியலை. ஆனா போகாம என்ன பண்றது? வீட்டுல யாரு இருக்கா? காலையில எழுந்தா கை தானா போனை எடுக்குது, அந்த நம்பரைப் போடுது. இப்ப அதையும் நிறுத்திட்டான். என் நம்பர்லேருந்து போட்டா பாட்டுகூட வர்றதில்லை.

என்ன கேட்டீங்க? அந்தப் பக்கம் ஹாரன் சத்தத்துல விழலை.

வலியா? இன்னும் வலிக்குதான்னா?

யாருக்கு, கபிரியேலுக்கா... இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆறி நாளாச்சே. தையல் பிரிச்சே ரொம்ப நாளாச்சு. குளிருக்குக் கொஞ்சம் குடையுமோ என்னவோ. அவன் எதுவும் சொன்னதில்லை. இருந்தா சொல்லியிருப்பான்ல சார். நான் என்ன வெளி ஆளா, வந்து உட்கார்ந்து கேட்கிறதுக்கு. இருந்தா அவனே சொல்லியிருப்பான்.